‘தியானம் செய்தும் கோபம் போகவில்லை’

காவிரி டெல்டாவின் சிறு நகரம் ஒன்றிலிருந்து 47 வயது ஆசிரியை ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மாமியாருக்கு 78 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் என்ற மறதி நோய் உறுதியானது. திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். சம்பளம் 12,000 ரூபாய். மீதி நேரமெல்லாம் இவர்தான். கணவருக்கு உரக்கடை, வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிறது. நாத்தனார் கோவையில், கொழுந்தனார் சிங்கப்பூரில். மாலை ஐந்தரை ஆனால் மாமியார் துணிப்பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு “வீட்டுக்குப் போகணும்” என்று வாசலில் நிற்கிறார். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து நடக்கிறார். இவர் தூங்குவது நான்கு மணி நேரம். பள்ளியில் நடந்த முகாமில் பிபி 158/98. போன மாதம் குளிக்க வைக்கும்போது மாமியார் அடித்துவிட, இவர் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததில் அந்த இடம் கன்றிப்போனது. “இருபது நிமிஷம் தியானம் பண்றேன், ஸ்லோகம் சொல்றேன், எதுவும் உதவல. என் மனசு இவ்வளவு பலவீனமா? விருப்ப ஓய்வு வாங்கிடலாமா? இல்லத்துல சேர்த்தா பாவமா, சட்டப்படி குத்தமா?” என்று கேட்கிறார்.

சகோதரி, இந்தக் கேள்விகளுக்கு வருமுன் நான்காம் பக்கத்தின் அடியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: “சில நாள் ரெண்டு பேருமே கண்ணை மூடிட்டா நல்லதுன்னு தோணுது.” களைப்பில் எழுதிய வரியாக இருக்கலாம். இருந்தாலும் அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அந்த எண்ணம் எப்போதாவது ‘எப்படி’ என்ற யோசனை வரை போயிருக்கிறதா? போயிருந்தால், இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன்பே கணவரைக் கூப்பிட்டு அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். அன்றிரவு தனியாக இருக்காதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், உரக்கடையிலிருந்து வந்த பூச்சிமருந்துகள் எல்லாம் அவர் பொறுப்பில் பூட்டில் இருக்கட்டும். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ‘எப்படி’ வரை போகவில்லை என்றாலும் இரண்டு வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை, விடியற்காலை மூன்றுக்கே விழிப்பு, ஓயாத குற்ற உணர்வு என்று நீங்கள் எழுதியிருப்பவை வெறும் களைப்பைத் தாண்டியவை. மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே பார்க்கலாம்.

அந்த மாத்திரை

கொழுந்தனாரின் நண்பர் சொன்னார் என்று மருந்துக் கடையில் வாங்கிய அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையை மாமியாருக்கு மூன்று வாரமாகக் கொடுக்கிறீர்கள். இரண்டு முறை நீங்களும் பாதி போட்டுக்கொண்டீர்கள். இது சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து. மறதி நோய் உள்ள முதியவருக்கு இதனால் தள்ளாட்டம் வரும், இரவில் விழுவார், இடுப்பெலும்பு முறியும். குழப்பம் தணியாமல் கூடும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளும் அவருக்கு ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யும். தினமும் கொடுத்திருந்தால் சட்டென்று நிறுத்த வேண்டாம். நிறுத்தும் விதத்தை அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். இந்த வாரமே போங்கள்.

போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். இந்த இரவு நடமாட்டம் இரண்டு மாதமாகத்தான் இவ்வளவு கூடியது என்கிறீர்கள். மறதி நோய் மெதுவாக நகர்வது. திடீரென்று மோசமானால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி. ‘வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாதவர் வலியை நடந்துதான் காட்டுவார். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

தியானம் ஏன் உதவவில்லை

மன அழுத்தத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் ஒரு பிரிவினை சொன்னார்கள். மனநல ஆலோசனையில் இன்றும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறோம். சமாளிப்பு இரண்டு விதம். மாற்றக்கூடிய பிரச்சினையை மாற்றுவது ஒன்று. மாற்ற முடியாததால் எழும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. எது எதற்கு என்று மாறிப்போனால் இரண்டுமே தோற்கும். மாமியாரின் நோயை உங்களால் மாற்ற முடியாது. நீங்களோ அதனோடு தினம் மல்லுக்கு நிற்கிறீர்கள், “இதுதான் உங்க வீடு, எத்தனை தடவை சொல்றது” என்று. தூக்கத்தை மாற்ற முடியும். அதற்குத் தியானம் செய்கிறீர்கள். நான்கு மணி நேரத் தூக்கத்துக்கு மருந்து இன்னும் மூன்று மணி நேரத் தூக்கம்தான். இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்வது அந்த இடத்தை நிரப்பாது. உங்கள் மனம் பலவீனம் என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத நான் தயாரில்லை.

இந்தச் சுமை உடம்பில் இறங்குவது கற்பனையும் அல்ல. அமெரிக்காவின் ஒஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995-இல் ஒரு சோதனை செய்தது. மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு அது ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. 1999-இல் வந்த இன்னோர் ஆய்வைச் சொல்லித்தான் பலரும் பயமுறுத்துவார்கள்: வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொண்ட முதியவர்கள் நான்காண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு அதிகம் என்று. அதில் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அந்தக் கூடுதல் ஆபத்து, பார்த்துக்கொள்வதால் திணறியவர்களுக்கு மட்டுமே. பார்த்துக்கொண்டும் திணறாமல் இருந்தவர்களுக்கு அது காணப்படவில்லை. ஆகவே மாமியாரைப் பார்த்துக்கொள்வதை விடுவதா வேண்டாமா என்று நீங்கள் திண்டாடுவதைவிட, திணறலை எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம்.

168 மணி நேரக் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். உதவிக்கு வரும் அம்மா 42 மணி நேரம் பார்க்கிறார். மீதி 126. அதில் கணவர் பெயரில் எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் கிடைத்தது. நாத்தனார், கொழுந்தனார் பெயரில் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கணவர் முன் வையுங்கள். “யாருமே உதவ மாட்டேங்கறீங்க” என்று சொன்னால் சண்டையாகத்தான் முடியும். எண்ணை வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்கும்போது நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். கணவரிடம்: செவ்வாய், வெள்ளி இரண்டு இரவும் தன் அம்மாவின் அறையில் அவர் படுப்பார், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மணி நேரம் தூங்குவீர்கள். அடுத்த நாள் கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கட்டும். மற்றவற்றில் விட்டுக்கொடுத்தாலும் இந்த இரண்டு இரவில் விட்டுக்கொடுக்காதீர்கள். கொழுந்தனாரிடம்: மாலை நான்கு முதல் எட்டு வரை இன்னோர் ஆளுக்கான சம்பளம், மாதம் ஐந்தாம் தேதிக்குள், குறிப்பிட்ட கணக்குக்கு. நாத்தனாரிடம்: மாதம் ஒரு சனி, ஞாயிறு இங்கே வந்து தங்குவது. “அம்மாவை நான் கோவைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று அவர் பாசமாகச் சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். இடம் மாறினால் குளியலறை எங்கே என்பதுகூடத் தெரியாமல் குழப்பம் கூடும். திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் நீங்கள்தான் படுவீர்கள். போக வர வேண்டியது மகள்தான், அம்மா அல்ல.

“மருமகள்தானே பார்க்கணும், அதானே முறை” என்று நாத்தனார் சொன்னதை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லும் திருத்த மசோதா 2019-இல் வந்தது, சட்டமாகவில்லை. மகனுக்கு உள்ள கடமை மகளுக்கும் உண்டு. இதைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது கடைசி வழி, அங்கே கிடைக்கும் மாதப் பராமரிப்புக்கும் உச்சவரம்பு 10,000 ரூபாய்தான். அடுத்த முறை ‘முறை’ பேசும்போது உங்கள் குரல் தடுமாறாமல் இருக்க இது தெரிந்திருக்கட்டும்.

விருப்ப ஓய்வு? இப்போதைக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் போனால் முதலில் நிற்பது அந்த 12,000 ரூபாய் அம்மாதான். 126 மணி நேரம் 168 ஆகிவிடும். பள்ளிக்கூடம் உங்களுக்குச் சுமை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் மூச்சு விடும் இடமே அதுதான் என்று படுகிறது. வேண்டுமானால் மருத்துவ விடுப்பில் இரண்டு வாரம் எடுத்து, அதில் தூங்குங்கள்.

மாலை ஐந்தரை

பொழுது சாயும்போது மறதி நோயாளிகளுக்குப் பதற்றம் கூடுவது மிகச் சாதாரணம். வெளிச்சம் மங்கும், நிழல் நீளும், பகல் முழுதும் தாங்கிய மூளை களைத்துப்போகும். ‘வீடு’ என்று அவர் சொல்வது பெரும்பாலும் விலாசம் அல்ல. பிறந்த வீடாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதாகவும் இருக்கலாம். “இதுதான் உங்க வீடு” என்று நிரூபிக்க முயன்றால், தன்னை யாரோ அடைத்து வைத்திருப்பதாகத்தான் அவருக்குப் படும்.

ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். பையைப் பிடுங்காதீர்கள், அது அவர் கையிலேயே இருக்கட்டும். “எந்த வீடு அத்தை? கொல்லையில என்ன மரம் இருந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்ல உள்ளே நடந்து வருவார். பிறகு கைக்கு வேலை கொடுங்கள்: கறிவேப்பிலை உருவுவது, துண்டு மடிப்பது. முறத்தில் அரிசியைக் கொட்டிக் கொடுத்தால் கல் இருக்கிறதோ இல்லையோ அரை மணி நேரம் பார்ப்பார். டிவி செய்தியையும் சீரியல் அழுகையையும் அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள். திரையில் நடப்பதும் வீட்டில் நடப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

இரவுக்கான வேலை பகலிலேயே தொடங்குகிறது. உதவிக்கு வரும் அம்மாவுக்கு மாமியார் தூங்கினால் நிம்மதி. ஆகவே இரண்டு மூன்று மணி நேரம் தூங்க விடுவார். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும், அதுவும் மூன்று மணிக்கு முன். காலை வெயிலில் அரை மணி நேரம் நடை. மதியம் இரண்டுக்கு மேல் காபி, டீ இல்லை. தண்ணீரை மாலைக்குள் போதுமான அளவு கொடுத்துவிட்டு ஏழுக்குப் பிறகு குறையுங்கள். படுக்குமுன் கழிப்பறை. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். வாசல் தாழ்ப்பாளை அவர் பார்வைக்கு மேலே, உயரத்தில் போடலாம். ஆனால் வீட்டில் ஆள் இல்லாமல் அவரை உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது.

மணிக்கட்டு

இதில் நான் மழுப்ப மாட்டேன். கன்றிப்போகும் அளவுக்குப் பிடித்தது அவரைத் துன்புறுத்திய செயல். நீங்கள் கெட்டவர் என்பதற்கு அது சாட்சி அல்ல; ஆனால் ஏற்பாடு எதையும் மாற்றாவிட்டால் மறுபடி நடக்கும். வைராக்கியத்தை நம்பி அதைத் தடுக்க முடியாது.

எங்கே நடந்தது? குளியலறையில், காலை ஆறேகாலுக்கு, பள்ளிக்கு ஓடும் அவசரத்தில். தினமும் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் குளியல், மற்ற நாள் வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பது போதும். அதையும் காலை பத்துக்கு மேல், உதவிக்கு வரும் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். தலையில் சட்டென்று விழும் தண்ணீர் அவருக்கு யாரோ அடிப்பதுபோல் இருக்கும்; அதனால்தான் திருப்பி அடித்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் துண்டைப் போர்த்தி, காலிலிருந்து மேலே போகச் சொல்லுங்கள். “இப்ப கால்ல தண்ணி ஊத்தறேன்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்தால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

கோபம் வருமுன் உடம்பு சொல்லும். உங்களுக்குத் தாடை இறுகுகிறது, காது சூடாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணத்தில் அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். அவர் கத்தினாலும் பரவாயில்லை. நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். தியானம் செய்த பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

‘போய்விட்டால் தேவலை’ என்ற எண்ணத்துக்குப் பிராயச்சித்தமாக ஸ்லோகம் சொல்கிறீர்கள். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பலருக்கும் வந்துபோகும் எண்ணம் இது. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். விரட்டினால் திரும்பி வரும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். கரடி வந்துகொண்டே இருந்தது. எண்ணத்தை வர விடுங்கள். அதற்குள்ளே பெரும்பாலும் துக்கம்தான் இருக்கும்: உங்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த அந்த அத்தை, உடம்பு இங்கே இருக்கும்போதே போய்விட்டார்.

உங்கள் பிபி

முகாமில் ஒருமுறை பார்த்த 158/98-ஐ வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. ‘டென்ஷன்தான்’ என்று ஒதுக்கவும் முடியாது. மேற்கையில் கட்டும் டிஜிட்டல் கருவியில் ஏழு நாள் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு முன்வரை காபி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள். மாத்திரை எழுதினால், ‘மனசு சரியானா தானா இறங்கிடும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். இடுப்பு வலிக்கு அடிக்கடி போடும் வலி மாத்திரையும் பிபியை ஏற்றும், அதையும் சொல்லுங்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் எதுவும் சேர்ந்தால் 108.

அதே போக்கில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். 47 வயதில் மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டிய வேர்வை, எரிச்சல், தூக்கக் குறைவு எல்லாம் ‘மாமியார் டென்ஷன்’ கணக்கில் ஏறியிருக்கலாம்.

இல்லத்தில் சேர்ப்பது

பாவமா என்பதற்கு நான் அதிகாரி அல்ல. குற்றமா என்றால், இல்லை. அந்த 2007 சட்டத்தின் 24-ஆம் பிரிவு தண்டிப்பது, தன் பொறுப்பிலிருக்கும் முதியவரை முழுவதுமாகக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டு வருவதை. கட்டணம் கட்டி, மருந்து கொடுத்து, போய்ப் பார்த்துக்கொண்டிருப்பது அதில் வராது. ஆனால் முடிவு கணவரும் நாத்தனாரும் கொழுந்தனாரும் சேர்ந்து, எழுத்தில் எடுத்ததாக இருக்கட்டும். ‘மருமகள் தள்ளிவிட்டாள்’ என்ற பேச்சுக்கு அதுதான் பதில்.

சாதாரண முதியோர் இல்லம் வேறு, மறதி நோயாளிகளைப் பார்க்கும் இடம் வேறு. சொல்லாமல், மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலை பதினொன்றுக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள்? அலைபவர்களைக் கட்டிப்போடுகிறார்களா? விழுந்தால் எந்த மருத்துவமனை, செலவு யாருடையது? முன்பணம் திரும்பி வருமா? முதலில் பத்து நாள் தங்க வைத்துப் பார்க்க முடிந்தால் நல்லது. முதல் வாரம் அவர் மோசமாகத்தான் இருப்பார். அதைப் பார்த்துப் பதறிக் கூட்டி வந்துவிடாதீர்கள். இடங்கள் பற்றி விசாரிக்க முதியோர் உதவி எண் 14567 உண்டு.

மேலே சொன்ன இரவுகளும் மாலை ஆளும் வந்து ஆறு வாரம் ஆகட்டும். அப்போதும் உங்களுக்குத் தூக்கமில்லை என்றால் இல்லம் பற்றி முடிவெடுங்கள். இன்றைய களைப்பில் எடுக்க வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில், “எல்லாம் மறந்துபோச்சு, பூக் கட்டறது மட்டும் மறக்கல” என்று எழுதி, அந்தக் குற்ற உணர்விலேயே அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்கள். 1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயில் இருந்த துணைவர்களைப் பார்த்துக்கொண்டவர்களை ஃபோக்மன் குழு பேட்டி கண்டது. கேள்விகள் எல்லாம் கஷ்டத்தைப் பற்றியே இருந்தன. கொஞ்ச நாளில் பேட்டி கொடுத்தவர்களே குறை சொன்னார்கள்: நல்லதும் நடக்கிறதே, அதை ஏன் கேட்கவில்லை என்று. கேட்டபோது, மரணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்ல அவர்களிடம் நிறைய இருந்தது. துயரம் முடிந்த பிறகுதான் சந்தோஷம் வரும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே நாளில் வரும், சில சமயம் ஒரே மணி நேரத்தில்.

கொழுந்தனார் பணத்தில் மாலை ஆள் வந்ததும் சமையலை அவரிடம் விட்டுவிடுங்கள். நூறு கிராம் மல்லிகை வாங்கி, முறத்தில் கொட்டி, நாரையும் எடுத்துக்கொண்டு அத்தை பக்கத்தில் உட்காருங்கள். முடிச்சு தளர்ந்தால் திருத்தாதீர்கள்.